அங்கீகரிக்கப்பட்ட எட்டுக் காட்சிகள்

விர்போவ் கோட்டையில் இன்றைக்கு மிச்சம் இருப்பவை இரண்டு: கோபுரமும் அதன் நிர்வாகமும். மற்றதையெல்லாம் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஸ்வீடன்காரர்கள் வந்து தரைமட்டமாக்கிவிட்டுப் போனார்கள். கோபுரத்தை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று எதுவும் இல்லை. உள்ளே போக அனுமதி கிடைத்திருக்காது என்பது ஊர்க்காரர்களின் ஊகம்.

அரசாங்கம் அதை ஊர் பார்க்கும் கோபுரமாக மாற்றிப் பல வருஷமாகிறது. நூற்று அறுபத்திரண்டு படிகள். உச்சியில் சுற்றிலும் கைப்பிடிச் சுவர். அங்கே நின்றால் ஆறு, ஆற்றுக்கு அக்கரையில் மாவட்ட ஆஸ்பத்திரி, தோப்பு, வயல் எல்லாம் தெரியும். விர்போவில் பிறந்து வளர்ந்த லுமீர் முப்பத்தோரு வயது வரை அதில் ஏறியதில்லை. ஏறவேண்டிய அவசியம் அவனுக்கு அந்த வியாழக்கிழமைதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அவன் மனைவி யர்மிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அப்போதெல்லாம் பிரசவ வார்டுக்குள் தகப்பன்மாரை விடமாட்டார்கள். தகப்பன் கிருமி, அவ்வளவுதான். மற்ற ஊர்களில் ஆண்கள் வார்டுக்குக் கீழே தெருவில் நின்று கத்துவார்கள். மேலே ஜன்னலில் மனைவி குழந்தையைத் தூக்கிக் காட்டுவாள். விர்போவ் ஆஸ்பத்திரியைக் கட்டியவர் இதையெல்லாம் யோசிக்காமல் பிரசவ வார்டின் ஜன்னல்களை ஆற்றுப்பக்கம் வைத்துவிட்டார். ஜன்னலுக்குக் கீழே செங்குத்தான பாறை, பாறைக்குக் கீழே ஆறு. அங்கே நின்று பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்றால் மீனாகப் பிறந்திருக்க வேண்டும்.

லுமீர் கொதிகலன் பொருத்துகிறவன். வியாழக்கிழமை சாயந்திரம் ஐந்து இருபது ரயிலில் அவன் கிளம்ப வேண்டும். மங்கோலியாவில் ஒரு கம்பளி ஆலைக்குக் கொதிகலன் பொருத்தும் வேலை, இரண்டரை மாதம். திரும்பி வரும்போது குழந்தை சிரிக்கவே ஆரம்பித்திருக்கும். ஆகவே அவன் ஒரு திட்டம் போட்டான். கோபுரம் வார்டுக்கு நேர் எதிரே இருந்தது. பழப் பணியாரம் ஒரு பொட்டலம் கட்டி, வார்டு ஆயாவிடம் கொடுத்து, கூடவே ஒரு சீட்டும் அனுப்பினான். பதில் சீட்டு உடனே வந்தது: "மூணாவது மாடி, இடமிருந்து நாலாவது ஜன்னல். மூணு மணிக்குப் பால் குடிக்கக் கொண்டுவருவாங்க. மூணே காலுக்கு வாங்கிட்டுப் போயிருவாங்க. அந்தச் சிவப்புக் கட்டம்போட்ட மேஜைவிரிப்பை ஆட்டு, நீதான்னு தெரிஞ்சுக்கறேன். லேட்டா வந்தே, தெரியும் சேதி."

லேட்டாகப் போகக் கூடாது என்று லுமீர் ஒரு மணிக்கே கோட்டை வாசலில் நின்றான். மச்சானிடம் இரவல் வாங்கிய தொலைநோக்கி கழுத்தில் தொங்கியது. டிக்கெட் ஜன்னலில் "மதிய உணவு" என்று பலகை தொங்கியது. ஒன்றரைக்குப் பலகை நீங்கியது. பின்னால் ஹெட்விகா அம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு டிக்கெட் குடுங்கம்மா."

"ஒண்ணுன்னு ஒரு டிக்கெட்டே இங்க கிடையாது. பத்துப் பேர் சேந்தா ஒரு குழு. குழுவுக்குத்தான் டிக்கெட்."

"நான் ஒருத்தன்தானேம்மா இருக்கேன்?"

"அது உங்க குடும்ப விஷயம்" என்றாள் ஹெட்விகா அம்மாள்.

வாசலோரக் குட்டைச் சுவர்மேல் எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ரொட்டியில் பன்றிக் கொழுப்பைத் தடவி ஊறுகாய் வெள்ளரியோடு தின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் அறுபது தாண்டியவர்கள், எல்லோர் காலிலும் மலை ஏறும் பூட்ஸ். நடைப்பயணச் சங்கத்துக்காரர்கள். ஏறிய ஒவ்வொரு இடத்துக்கும் சங்கக் கையேட்டில் ஒரு முத்திரை வாங்க வேண்டும் அவர்களுக்கு. தலைவி ஓட்டிலியா அவனைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"வா தம்பி, வா. காலையிலே பத்து மணியிலேருந்து உன்னைத்தான் தேடிக்கிட்டிருக்கோம். நாங்க எட்டு, உன்னோட ஒம்போது. இன்னும் ஒரு தலை வேணும். உனக்கு என்ன அவசரம், மூஞ்சி இப்படி வேர்க்குது?"

லுமீர் சொன்னான். கேட்டதும் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"ஐயோ, பொம்பளப் பிள்ளையா? எவ்வளவு எடை?"

"மூணு கிலோ நானூறு."

"நல்ல எடை" என்று எட்டுப் பேரும் அங்கீகரித்தார்கள்.

பத்தாவது தலை தேடி ரொம்ப அலைய வேண்டியிருக்கவில்லை. கோட்டை வாசலுக்கு எதிரே மதுக்கடை. அங்கே ஸ்லாவெக் என்பவர் வருஷக்கணக்காக அதற்காகவே உட்கார்ந்திருந்தார். ஒன்பது பேர் சேர்ந்த குழு எப்படியும் அவரிடம் வந்துதான் ஆக வேண்டும். ஒரு கோப்பை பீர் வாங்கிக் கொடுத்தால் எழுந்து வருவார்.

"ஆயிரத்தெண்ணூறு தடவைக்கு மேல ஏறியிருக்கேன்" என்றார் ஸ்லாவெக், நுரையைத் துடைத்தபடி. "வேலை கஷ்டம்தான். ஆனா கௌரவமான வேலை."

"மேலேருந்து பாத்தா ஊரே தெரியுமாமே?"

"நான் பாத்ததில்லை. நான் பத்தாவது ஆளு. எண்ணிக்கைக்கு வர்றவன். மேல போனதும் படியில உக்காந்துக்குவேன்."

பத்துப் பேரும் டிக்கெட் ஜன்னலுக்குப் போனார்கள். டிக்கெட் வாங்கியதும் அடுத்த ஜன்னலில் கம்பளிச் செருப்பு வாங்க வேண்டும், அதற்கடுத்த ஜன்னலில் பையை ஒப்படைக்க வேண்டும். மூன்று ஜன்னலும் ஒரே அறைக்குத்தான். ஹெட்விகா அம்மாள் முதல் ஜன்னலைச் சாத்திவிட்டு, உள்ளே இரண்டு எட்டு நடந்து, இரண்டாவதைத் திறந்து, பத்துப் பேரையும் இதுவரை பார்த்தே அறியாதவளைப் போல, "வணக்கம், என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்டாள்.

கம்பளிச் செருப்பு என்றால் ஷூவுக்கு மேலேயே மாட்டி நாடாவால் கட்டிக்கொள்வது. எங்கள் நாட்டு அரண்மனைகளிலெல்லாம் மரத்தரை தேயாமல் இருக்க அதைக் கொடுப்பார்கள். இங்கே மரத்தரை ஸ்வீடன்காரர்களோடு போய்விட்டது, இருப்பது கருங்கல் படி. அதில் அந்தச் செருப்போடு ஏறினால் வழுக்கும். அதனால் "செருப்பு வழுக்கும், ஜாக்கிரதை" என்று படிக்குப் படி பலகை வைத்திருந்தார்கள்.

மூன்றாவது ஜன்னலில்தான் விவகாரம் வந்தது. ஹெட்விகா அம்மாளின் பார்வை அவன் கழுத்தில் நின்றது.

"அது என்ன தொங்குது?"

"தொலைநோக்கிம்மா."

"கடவுளே" என்றாள் அவள். அந்த ஊரில் அரசாங்க உத்தியோகஸ்தர்கள் அந்த வார்த்தையைச் சாதாரணமாகச் சொல்லமாட்டார்கள். தொலைநோக்கியையும் லுமீரையும் இயக்குநரின் அறைக்கு அனுப்பினாள்.

இயக்குநர் பாவ்லாட்டா பருத்த, மென்மையான மனிதர். மேஜைமேல் பசை, ஸ்டாம்பு மை, பாதி கடித்த ஆப்பிள். தொலைநோக்கியைச் செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் வாங்கினார்.

"உக்காருங்க தோழர். உங்களைத் திட்டமாட்டேன். தெரியாம செஞ்சிருப்பீங்க. நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. ஒரே கோபுரம், ஒரே டிக்கெட். ஒருத்தருக்கு ஊரு சின்னதாத் தெரியுது, பக்கத்துல நிக்கறவருக்குப் பெரிசாத் தெரியுது. இது நியாயமா?"

"நியாயம் இல்லைதான் தோழர் இயக்குநர். ஆனா நான் ஊரைப் பாக்க வரலை. ஆஸ்பத்திரி ஜன்னல்ல என் பொண்ணை..."

"ஆஸ்பத்திரியா?" பாவ்லாட்டா சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினார். அங்கீகரிக்கப்பட்ட காட்சிகள் எட்டும் அதில் வரிசையாக இருந்தன. "இதுல ஆஸ்பத்திரி இருக்கா? இல்லை. ஏன் இல்லை? காட்சிகள் ஐம்பத்தெட்டுலயே முடிவாயிருச்சு. ஆஸ்பத்திரி கட்டினது அறுபத்தொண்ணுல. அவங்கதான் எங்களைக் கேட்டுட்டுக் கட்டியிருக்கணும்."

"கண்ணுக்கு நேராத்தானே இருக்கு தோழர்?"

"அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க." இயக்குநரின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "முன்னெல்லாம் ஜனங்க மேல ஏறி இஷ்டத்துக்குப் பாத்துக்கிட்டிருந்தாங்க. என்ன பாத்தாங்கன்னு நினைக்கறீங்க? ஒருத்தர் தன் வீட்டுக் கூரையைப் பாத்தாரு. ஒரு அம்மா, சந்தையில தன் புருஷன் யாரோட நிக்கறான்னு பாத்தாங்க. எல்லாரும் சந்தோஷமா இறங்கிப் போனாங்க. ஒருத்தராவது கல்வி பெற்றாங்களா? அதுக்கப்புறம்தான் என்னைப் போட்டாங்க. பதினாலு வருஷமா இந்த எட்டுக் காட்சியையும் நான் கண்ணுக்குள்ள வெச்சுக் காப்பாத்தறேன்."

"தினம் ஏறிப் பாப்பீங்களோ?"

"ஏறினதே இல்லை" என்றார் பாவ்லாட்டா பெருமையோடு. "நேரம் ஏது? நான் மேல போயிட்டா காட்சிகளை யார் நிர்வாகம் பண்றது?"

தொலைநோக்கிக்கு மூன்று பிரதிகளில் ரசீது போட்டார். லுமீர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டில் கையெழுத்திட்டுவிட்டு எழுந்து ஓடினான். மேஜைவிரிப்பை அவன் கோட்டுக்குள் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்ததால் அது மட்டும் தப்பித்தது.

இரண்டே காலுக்குக் கோபுரக் கதவு திறந்தது. பத்துப் பேரும் உள்ளே போனதும் வழிகாட்டி ரெனாட்டா கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். ரெனாட்டாவுக்குக் கல்யாண வயது, கீச்சுக் குரல். பாடத்தை ஒரு புள்ளி பிசகாமல் ஒப்பிப்பாள். நாலு தளம், தளத்துக்கு ஒரு பாடம்.

முதல் தளத்தில் கோட்டையைக் கட்டிய பிரபு. அவருடைய தகப்பனார், அவருடைய தகப்பனார், அவர்களுடைய கல்யாணங்கள். இரண்டாவது தளத்தில் கோட்டைச் சமையலறை. சமையலறை இப்போது இல்லை, ஆனால் அதன் அகல நீளம் இருக்கிறது. லுமீரால் தாங்க முடியவில்லை.

"அம்மா, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

ரெனாட்டா நடுவாக்கியத்தில் நின்றாள். கண் ஒரு கணம் வெறுமையாக வெறித்தது. பிறகு, "இப்போது நாம் நிற்பது கோட்டையின் சமையலறைக்கு மேற்புறத்தில்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"குறுக்கே பேசாதே தம்பி" என்று ஓட்டிலியா அவன் காதில் சொன்னாள். "நடுவுல வெட்டினா அதுக்கு முதல்லேருந்துதான் வரும். போன வருஷம் இன்னொரு கோட்டையில எங்க ஃப்ரான்சிஸ்கா ஒரு தும்மல் தும்மினா. ரெண்டு தடவை ஒரே முற்றுகையைக் கேட்டோம்."

ஆகவே மூன்றாவது தளத்தில் முற்றுகை நடந்தபோது பத்துப் பேரும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார்கள். நாலாவது தளத்தில் நிர்வாகத்தின் வரலாறு. அது முற்றுகையைவிட நீளம்.

உச்சிக்கு வந்தபோது மூன்று மணி ஆகி இரண்டு நிமிஷம். காற்று அடித்தது. லுமீர் நேரே ஆற்றுப்பக்கம் பாய்ந்தான். கம்பளிச் செருப்பு கல்லில் வழுக்கி ஃப்ரான்சிஸ்காவின் மேல் போய் விழுந்தான்.

"தனியாப் போகக் கூடாது" என்றாள் ரெனாட்டா பயந்துபோய். "குழுவா, கடிகாரச் சுத்துல, ஒவ்வொரு காட்சியா. காட்சிக்கு ஒண்ணரை நிமிஷம். தரையில பாதம் வரைஞ்சிருக்கு பாருங்க, அதுலதான் நிக்கணும்."

"ஆஸ்பத்திரி எங்க வருது?"

"வராது. அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல சும்மா கிடக்கு. அங்க பாதமே வரையலை."

லுமீர் விரலை விட்டு எண்ணிப் பார்த்தான். ஐந்தாவது முடிய மூன்று மணி ஒன்பதரை நிமிஷம் ஆகும். அப்புறம் ஆறாவதுக்குப் போக இரண்டு எட்டு நடை. அந்த இரண்டு எட்டு நடக்கிற நேரம்தான் அவனுக்கும் அவன் மகளுக்கும்.

முதல் காட்சி மாதா கோயில், இருந்தது. இரண்டாவது சர்க்கரை ஆலை. மூன்றாவது காட்சி காற்றாலை. "உங்கள் எதிரே கம்பீரமாக நிற்பது" என்று ரெனாட்டா கைநீட்டினாள். எதிரே ஒரு மாட்டுக்கொட்டகை நின்றது. காற்றாலையைப் பிரித்து ஏழு வருஷம் ஆகிறது. எட்டுப் பெண்களும் மாட்டுக்கொட்டகையை ஒன்றரை நிமிஷம் மரியாதையாகப் பார்த்தார்கள். நாலாவது காட்சியை ஒரு லிண்டன் மரம் வளர்ந்து முழுசாக மறைத்திருந்தது. மரத்தைப் பார்த்தார்கள். லுமீர் எதையும் பார்க்கவில்லை. கழுத்தை ஒடித்துத் திருப்பி ஆற்றுப்பக்கமே வெறித்துக்கொண்டிருந்தான். ஐந்தாவது காட்சியில் பிரபு ஒருவர் மூழ்கிய குளம். ரெனாட்டா அவரை மெதுவாக மூழ்கடித்தாள்.

"இப்போது ஆறாம் காட்சிக்குச் செல்வோம்."

குழு நகர்ந்தது. முதல் எட்டு வைத்ததும் ஓட்டிலியா நின்றாள்.

"அடடா. என் செருப்பு கழண்டுருச்சே."

ரெனாட்டா திடுக்கிட்டுத் திரும்பினாள். விதி அவளுக்குத் தெரியும். அவளை மீறி அது அவள் வாயிலிருந்து வந்தது: "செருப்பு கழன்றால் அது மீண்டும் கட்டப்படும்வரை குழு இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும்."

"நிக்கறோம், நிக்கறோம். குனிய முடியல பாரும்மா, முதுகு" என்று ஓட்டிலியா கல்லில் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

அவள் கட்டி முடிக்கும் நேரத்தில் ஃப்ரான்சிஸ்காவின் செருப்பு கழன்றது. அதன் பிறகு அவளுக்குப் பக்கத்தில் நின்றவளுடையது. எட்டு ஜோடிக் கம்பளிச் செருப்பும், பூட்ஸ் போட்டு எத்தனையோ மலை ஏறிய அந்தக் கால்களிலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காகக் கழன்றன.

"இப்படி நேரமானா உங்க முத்திரை கிடைக்காது" என்றாள் ரெனாட்டா அழாக்குறையாக.

"போனாப் போகுது முத்திரை" என்றாள் ஓட்டிலியா. "தம்பி, என்ன மரம் மாதிரி நிக்கறே? ஆட்டு!"

லுமீர் கோட்டுப் பொத்தானைக் கழற்றி மேஜைவிரிப்பை உருவினான். இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக் காற்றில் ஆட்டினான். சிவப்புக் கட்டம் படபடவென்று அடித்தது. அக்கரையில் ஆஸ்பத்திரி ஒரு தீப்பெட்டி அளவுக்கு இருந்தது. மூன்றாவது மாடி. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவது ஜன்னலில் வெள்ளையாக என்னவோ மேலே எழும்பியது. ஒரு புள்ளி. அரிசி அளவு.

"அதுதான்! அதுதான் என் பொண்ணு!" என்று கத்தினான். பிறகு அவன் குரல் இறங்கிப்போயிற்று. "ஒண்ணுமே தெரியலையே. இவ்வளவு தூரத்துல ஒண்ணுமே தெரியலையே."

அப்போது படிக்கட்டுக் கதவு திறந்தது. ஒரு கையில் சாவிக்கொத்து, ஒரு கையில் ரசீதின் மூன்றாம் பிரதி, கழுத்தில் மச்சானின் தொலைநோக்கி, காலில் கம்பளிச் செருப்பு. இயக்குநர் பாவ்லாட்டா மூச்சிரைக்க நின்றார். முகம் பீட்ரூட் ஆகியிருந்தது.

"மூணாவது பிரதியில கையெழுத்து... போடலை நீங்க. பார்வையிடும் நேரத்துக்குள்ள... போட்டாகணும்." நிமிர்ந்தார். அவர் கண்ணெதிரே ஆறு வளைந்து ஓடியது, வயல் விரிந்தது, ஊர் பரந்து கிடந்தது. பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக அவர் அதைப் பார்த்தார். "இது... இது எந்தக் காட்சி?" என்று ரெனாட்டாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"இது எந்தக் காட்சியும் இல்லை தோழர் இயக்குநர்."

லுமீர் அவரிடம் போய்க் கைகூப்பாத குறையாக நின்றான். "தோழரே, ஒரு நிமிஷம் அதைக் குடுங்க. சாயந்திரம் நான் மங்கோலியா போறேன். மூணே காலுக்குக் குழந்தையை எடுத்துட்டுப் போயிருவாங்க."

"பார்வையாளர் ஒளியியல் கருவி உபயோகிக்கக் கூடாது. விதி இருக்கு. நான் போட்ட விதி." பாவ்லாட்டா சங்கடத்தோடு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "உங்க டிக்கெட்ல நேரம் மூணு பத்து வரைக்கும்தான். இப்ப மூணு பதினொண்ணு. ரெனாட்டா, நேரம் முடிஞ்சவர் பார்வையாளரா?"

"விதியில அப்படி இல்லை, தோழர் இயக்குநர்."

"இல்லைதானே. அப்ப இவரு யாரோ வழிப்போக்கர்" என்று சொல்லித் தொலைநோக்கியைக் கழற்றிக் கொடுத்தார்.

லுமீர் அதை வாங்கிக் கண்ணில் வைத்தான். திருகினான், மறுபடி திருகினான். எட்டுப் பெண்களும் செருப்பை மறந்து அவன் முதுகுக்குப் பின்னால் குவிந்தார்கள்.

"தெரியுதா?"

"ஒரே கலங்கலா இருக்கு."

"சரியாத் திருகு!"

திருகில் கோளாறு இல்லை. அவன் கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. துடைத்துவிட்டு வைத்தான், மறுபடி நிறைந்தது. ஒரு நிமிஷம் போயிற்று. கடைசியில் தொலைநோக்கியை இயக்குநர் கையிலேயே திணித்தான்.

"என்னால முடியலை. நீங்க பாத்துச் சொல்லுங்க தோழரே. சீக்கிரம்."

பாவ்லாட்டா தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார். பழக்கதோஷம், குரல் தானாக உயர்ந்தது.

"நாம் இப்போது காண்பது மூன்றாவது மாடியின் நாலாவது ஜன்னல். ஜன்னலில் ஒரு பெண்மணி. நீல கவுன். தலை வாரலை. அழறாங்க... இல்லை, சிரிக்கறாங்க. கையில ஒரு வெள்ளைத் துணிமூட்டை. மூட்டைக்குள்ள..."

தொலைநோக்கியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"மூட்டைக்குள்ள என்ன? சொல்லுங்க!"

"கொட்டாவி விடுது" என்றார் பாவ்லாட்டா. "இத்துனூண்டு வாயி. முழுசாத் திறந்து கொட்டாவி விடுது."

"ஐயோ, என் கண்ணு!" என்றார்கள் எட்டுப் பேரும். படியில் உட்கார்ந்திருந்த ஸ்லாவெக் எழுந்துவந்து, ஆயிரத்தெண்ணூறு தடவைக்கு அப்புறம், "எங்கே?" என்று எட்டிப் பார்த்தார். ரெனாட்டா பாடத்தை மறந்து கையை ஆட்டினாள்.

"முடி இருக்கா தோழரே?"

"நிறைய. கறுப்பா, நட்டுக்கிட்டு நிக்குது."

"கை?"

"ஒரு கையை வெளியே உட்டுருக்கு. முஷ்டி. யாரையோ மிரட்டுது."

"யாரு மாதிரி இருக்கா? அவங்க அம்மா மாதிரியா?"

இயக்குநர் தொலைநோக்கியை இறக்கி லுமீரின் முகத்தைப் பக்கவாட்டில் ஒருமுறை ஆராய்ந்தார். திரும்பத் தொலைநோக்கியைத் தூக்கி நாலாவது ஜன்னலைப் பார்த்தார். இரண்டு தடவை அப்படிச் சரிபார்த்துவிட்டு, மூன்றாம் பிரதியின் பின்பக்கத்தில் எழுதித் தருகிற மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"நல்லவேளை, எல்லாம் அவங்க அம்மாதான். மூக்கு மட்டும் அப்படியே உங்களோடது தோழர். அதுக்கு நிர்வாகம் பொறுப்பில்லை."